மூன்று முறை சாத்திப் பார்த்த வண்டி

எங்கள் முதலாளி எதை வாங்கினாலும் மூன்று முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். முப்பது வருஷமாகக் குளியலறைக் குழாய் விற்கிறவர். குழாயை மூன்று முறை திறந்து மூடி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதன் ஆயுசு தெரிந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். குழாய் விஷயத்தில் அது சரிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பீரோ, பிரிட்ஜ், சூட்கேஸ், மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அதே அளவுகோலால்தான் அளந்துகொண்டிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், அவர்கள் வீட்டு வாசல் கதவை மூன்று முறை சாத்திப் பார்த்துவிட்டு "நல்ல குடும்பம்" என்று சொன்னவர் அவர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு மூக்கு கூர்மை. ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததுமே இரண்டு முறை மூச்சை இழுப்பார். "உங்க மாடி பாத்ரூம்ல எங்கயோ கசியுது" என்பார். அந்த வீட்டுக்காரர்கள் சுவரை உடைத்துப் பார்த்தால் உள்ளே நிச்சயம் கசிந்துகொண்டிருக்கும். பிறகு புதுக்குழாய் அவர் கடையில்தான் வாங்குவார்கள்.

நான் அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறவன். என்னை அவர் 'பைலட்டு' என்று கூப்பிடுவார். முதலில் பெருமையாக இருந்தது. சம்பளம் மட்டும் பைலட் சம்பளமாக ஆகவில்லை என்று தெரிந்தபிறகு பழகிவிட்டது. நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளை வண்டி. நடுத்தரமான, மரியாதையான வண்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்சி கம்பெனியில் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"பைலட்டு, என்னை அம்போன்னு விட்டுட்டுப் போகாதே. அடுத்த வண்டி வாங்குறப்ப இந்த வெள்ளை வண்டி உனக்கு. என் வாயால சொல்றேன், இது சத்தியம்" என்றார்.

நானும் தங்கிவிட்டேன். அந்த ஆறு வருஷமும் அந்த வண்டியை நான் துடைத்த மாதிரி என் பிள்ளைகளைக்கூடக் குளிப்பாட்டியிருக்க மாட்டேன். மிதியடி என் செலவு. வைப்பர் ரப்பர் என் செலவு. என்றைக்காவது அதில் என் பெயரை எழுதி, டாக்சி ஓட்டி, நானே எனக்கு முதலாளியாக இருக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். என் மனைவி கண்ணாடியில் ஒட்ட வேண்டிய எழுத்தின் நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டாள். மஞ்சள்.

ஆறு வருஷமும் முதலாளி அடுத்த வண்டி வாங்கவே இல்லை. கடைசியில் அவரை வாங்கவைத்த புண்ணியம் அவருடைய சகலையைச் சேரும்.

சகலைக்கு டைல்ஸ் வியாபாரம். ஒரே குளியலறையில் தரையும் சுவரும் அவருக்கு, தண்ணீர் இவருக்கு. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் என்பதால் பார்க்கிற இடத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், பார்க்காத இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அந்தச் சகலை ஒரு நாள் புது வண்டியில் வந்து இறங்கினார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி செய்கிற வண்டிகளிலேயே உச்சியில் இருக்கிற வண்டி. கறுப்பு. நீளம் எங்கள் கடை வாசலைவிட ஒரு முழம் அதிகம். சகலை பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்தபடி வந்தார். இறங்கும்போது தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைப் போலக் கொட்டாவி வேறு விட்டார்.

"வசதியா இருக்கு சகலை. இடுப்பு வலிக்குன்னு டாக்டர்தான் வாங்கச் சொன்னாரு" என்றார்.

எந்த டாக்டர் மருந்துச் சீட்டில் வண்டி எழுதிக்கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி அன்று சாயங்காலமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் சகலை புதுக் கடை திறக்கிறார், ஊரையே அழைத்திருக்கிறார். அதற்குள் முதலாளிக்கு வண்டி வேண்டும். சகலை வண்டியைவிட ஒரு விரல்கடையாவது பெரியதாக இருக்க வேண்டும். வீட்டில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. முதலாளி, முதலாளியம்மா, மாப்பிள்ளை. நான் வாசற்படியில் நின்றேன். ஓட்டப்போகிறவன் என்ற முறையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை படித்தவர். தினமும் மூன்று மணி நேரம் போனில் வண்டிகளைப் பற்றிய வீடியோ பார்ப்பார். அதனால் எல்லா வண்டியும் தெரியும், ஓட்ட மட்டும் தெரியாது.

"மாமா, புதுசுதான் வாங்கணும். வாரண்டி இருக்கு. பழசுல என்ன பூதம் கிளம்பும்னு சொல்ல முடியாது" என்றார்.

"புதுசுல நம்ம கைக்கு வர்றது அடிமட்ட மாடல்தான் மாப்ள. அதே காசுக்கு மூணு வருஷப் பழசுல டாப்பு மாடல் கிடைக்குது. பின்சீட்டு முதுகு பிடிச்சு விடுமாம், கால் அமுக்குமாம். திரைச்சீலை தானே இறங்குமாம்."

"காலை நானே அமுக்கிவிட்டா ஆகாதா? முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்" என்றார் முதலாளியம்மா.

"நீ அமுக்கினா சகலைக்குத் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். அதோடு கூட்டம் கலைந்தது.

முதலில் ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி அமைதி. டை கட்டிய ஒருவர் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார், மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்ததும் சிரிப்பை மிச்சப்படுத்திக்கொண்டார். வந்தவர்கள் எல்லோருக்கும் காப்பி வந்தது. எனக்குத் தண்ணீர் வந்தது.

நடுவில் சகலை வண்டியின் அதே கம்பெனி செய்த புது வண்டி நின்றது. முதலாளி நேராகப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். பிறகு முதலாளியம்மா உட்கார்ந்தார். பிறகு மாப்பிள்ளை. ஒருவரும் ஸ்டியரிங் பக்கம் திரும்பவில்லை. டை கட்டியவர் "ஓட்டிப் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டதற்கு, சோபா வாங்க வந்தவரிடம் மரம் வெட்டத் தெரியுமா என்று கேட்டதுபோல் முதலாளி அவரைப் பார்த்தார்.

பிறகு பரீட்சை ஆரம்பமானது. முதலாளி இறங்கி, கதவைத் திறந்து, காதைச் சாய்த்துக்கொண்டு சாத்தினார். இந்த வகை வண்டியில் கதவை அறைந்து சாத்த வேண்டியதில்லை. லேசாகத் தள்ளினால் போதும், உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் அதை மெதுவாக இழுத்துப் பூட்டிக்கொள்ளும். கதவு அப்படித்தான் செய்தது. சத்தமே வரவில்லை. முதலாளி மறுபடி சாத்தினார். சத்தமில்லை. மூன்றாவது முறை, முகம் கறுத்துவிட்டது.

"என்ன தம்பி, உள்ளே ஒண்ணுமே இல்லையா? சத்தமே காணோம்?"

"அதுதான் சார் இதோட விசேஷம். தானே மூடிக்கும்."

"தானே மூடிக்கிற குழாயை நானும் வித்திருக்கேன். ஆறு மாசத்துல திரும்பி வந்துடும்."

டை கட்டியவர் சளைக்கவில்லை. விசேஷச் சலுகை ஒன்று இருப்பதாகச் சொன்னார். பழைய வண்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டால் விலையில் நல்ல தள்ளுபடி உண்டாம். ஆனால் கட்டாயம் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்ற வெள்ளை வண்டியைக் காட்டி, "நல்லா வச்சிருக்கீங்க சார், புதுசு மாதிரி இருக்கு" என்றார்.

"ஆமா, நான் வண்டியை நல்லாப் பாத்துக்குவேன்" என்றார் முதலாளி. "அப்ப அதை எடுத்துக்குங்க, நல்லதாப் போச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறைத்தார் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். மறந்தே போய்விட்டார். கையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

ஆனாலும் சத்தமில்லாத கதவு முதலாளி மனசில் ஒட்டவில்லை, மறுநாள் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே பெரிய மைதானம், வரிசையாகப் பளபளவென்று வண்டிகள். புரோக்கர் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். விரல் எல்லாம் மோதிரம். உலகத்தில் விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். இதையும் ஒரு கண் டாக்டர் ஓட்டினாராம்.

"ஒரே ஓனர் சார். வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலேர்ந்து வீடு. பின்சீட்டுல மனுஷனே உக்காந்ததில்ல. பிளாஸ்டிக் கவரை நான்தான் பிரிச்சேன்."

வண்டி கரும்பச்சை நிறம். சகலையின் வண்டியைவிட ஒரு சாண் நீளம், ஏனென்றால் இது நீட்டிக்கட்டிய மாடல். அந்தச் செய்தியைக் கேட்டதுமே முதலாளிக்குப் பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. உள்ளே பூ வாசனை ஆளைத் தூக்கியடித்தது. ஒரு பாட்டில் சென்ட்டை அப்படியே கவிழ்த்திருப்பார்கள்போல. முதலாளி உள்ளே தலையை விட்டு இரண்டு முறை மூச்சை இழுத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு தலையை வெளியே எடுத்துவிட்டார்.

பரீட்சை. கதவைத் திறந்து சாத்தினார். சாத்திக்கொள்ளவில்லை. அறைந்து சாத்தினார். 'தொப்'பென்று கனமான சத்தம். முதலாளியின் முகத்தில் விளக்கு எரிந்தது. இரண்டாவது 'தொப்'. மூன்றாவது 'தொப்'.

"கேட்டியா மாப்ள? இதான் வண்டி. இரும்பு பேசுது பாரு."

இரும்பு பேசவில்லை, மோட்டார் செத்துப்போயிருந்தது. நேற்று ஷோரூமில் மெதுவாக இழுத்துக்கொண்ட அதே கதவுதான் இது. இழுக்கிற மோட்டார் உயிரோடு இருந்தால் இந்தக் கதவை இப்படி அறையவே வேண்டியிருக்காது. தள்ளிப் பார்த்தேன், ஒன்றல்ல, நான்கு கதவும் அப்படித்தான் இருந்தன. ஒரு கதவில் செத்தால் பழுது. நான்கிலும் சேர்ந்து செத்தால் அது வேறு கதை.

மாப்பிள்ளை பழைய வண்டிக்கு இங்கே தள்ளுபடி உண்டா என்று கேட்டார். புரோக்கர் கையை விரித்தார்.

"எக்ஸ்சேஞ்ச் எல்லாம் நம்மகிட்ட கிடையாது சார். உங்க வண்டி உங்களுக்கே."

அப்போதுதான் முதலாளிக்கு ஞாபகம் வந்தது. என் தோளில் தட்டினார்.

"அப்ப வெள்ளை வண்டி நம்ம பைலட்டுக்கு! ஆறு வருஷம் முன்னாடி வாக்குக் குடுத்தேன். சொன்னா சொன்னதுதான், நான் டைல்ஸ்காரன் இல்ல." பிறகு, "எதுக்கும் நீயும் ஒரு தடவை பாத்துச் சொல்லு" என்றார்.

நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பழைய வண்டி பார்க்கப் போகும் எவனுக்கும் நான் சொல்கிற ஒரே புத்திமதி: பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். வண்டியை எத்தனை முறை கழுவினாலும், சீட்டையே மாற்றினாலும், சுருண்டு உள்ளே கிடக்கிற பெல்ட்டின் வாலை யாரும் கழுவ மாட்டார்கள். தண்ணீரில் முழுகின வண்டியானால் அங்கே சேறு இருக்கும். இதை நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெல்ட்டை இழுத்தேன். இழுத்துக்கொண்டே போனேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேறு கோடு கோடாக ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், பொடிப்பொடியாக மடியில் கொட்டியது. போன வருஷத்து வெள்ளத்தில் இந்த வண்டி பின்சீட்டுத் திரைச்சீலையையும் இறக்கிக்கொண்டு நாலைந்து நாள் குளித்திருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே முதலாளியின் முகம். அவருக்குப் பின்னால், மைதானத்தின் ஓரத்தில் வெள்ளை வண்டி. காலையில்தான் துடைத்திருந்தேன்.

சொன்னால், முதலாளி நேராக ஷோரூமுக்குப் போவார். வெள்ளை வண்டி தள்ளுபடிக்குப் போகும். சொல்லாவிட்டால், அது எனக்கு. நியாயம் என்ன என்று யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். மறந்துபோன மனுஷனுக்கு நான் மட்டும் ஏன் ஞாபகமாக நல்லவனாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். டாப் மாடல் வேண்டும் என்று குதிக்கிற ஆளுக்கு அடி விழுந்தால் என்ன குறைந்துவிடும் என்றும் யோசித்தேன். இவ்வளவு யோசிக்கிறவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டான் என்றுதான் அர்த்தம்.

பெல்ட்டை விட்டேன். சர்ரென்று சேற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"என்ன பைலட்டு? எப்படி இருக்கு?"

"கதவுச் சத்தம் நல்லா இருக்கு முதலாளி" என்றேன்.

அது பொய்யில்லை பாருங்கள். அதைத்தான் பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. வெள்ளை வண்டிக்கான கையெழுத்தைச் சகலையின் கடை திறப்பு முடிந்ததும் போட்டுத் தருவதாக முதலாளி சொன்னார். பத்து நாள்தான். அந்தப் பத்து நாளும் நான் அந்தப் பச்சை வண்டியை வெளியே எடுக்காமல் காப்பாற்றினேன். வெயில் பட்டால் நிறம் மங்கும் என்றேன், தூசி பட்டால் கீறல் விழும் என்றேன். திறப்பு விழாவுக்கு அது புதுப்பெண் மாதிரி போய் இறங்கட்டும் என்றேன். முதலாளி உருகிப்போய்விட்டார். "எனக்குக்கூட இவ்வளவு அக்கறை இல்லை" என்று முதலாளியம்மாவிடம் சொன்னாராம்.

திறப்பு விழாவுக்கு முதலாளி தனியாகத்தான் வந்தார். சகலை பார்க்கும்போது பின்சீட்டில் தான் ஒருவர் மட்டும் படுத்திருக்க வேண்டும் என்று, முதலாளியம்மாவையும் மாப்பிள்ளையையும் வெள்ளை வண்டியில் வரச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாததால் கடை மேனேஜர் ஓட்டினார். அவர்கள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கடை வாசலில் நூறு பேருக்கு மேல். சகலை கறுப்பு வண்டியைப் படிக்கட்டுக்கு நேரே காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்தார். அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நிறுத்தச் சொன்னார் முதலாளி. நிறுத்தினேன். எங்கள் வண்டி ஒரு சாண் நீளம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளி பின்சீட்டிலிருந்து அந்த ஒரு சாணைக் கண்ணால் இரண்டு முறை அளந்து பார்த்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இறங்கப் போனார். கதவு திறக்கவில்லை.

நான் இறங்கி வெளியிலிருந்து இழுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கம் ஓடிப்போய் இழுத்தேன். அதுவும் வரவில்லை. உள்ளே முதலாளி ஜன்னல் பட்டனை அமுக்கினார். ஜன்னல் இறங்குவதற்குப் பதிலாகத் திரைச்சீலை இறங்கியது. வேறு ஏதோ பட்டனை அமுக்கினார், முதுகு பிடித்துவிடுகிற எந்திரம் முழு வேகத்தில் ஆரம்பித்துவிட்டது. திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தால் முதலாளி சல்லடையில் போட்டுச் சலித்ததுபோல் குலுங்கிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சுதான் வெளியே கேட்டது.

"பை...லட்...டு... நி...று...த்து..."

நிறுத்த நான் சாவியைத் திருகினேன், பிடுங்கினேன். எந்திரம் நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து வண்டி 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டபடி பின்பக்கமாக உட்கார ஆரம்பித்தது. இந்த வண்டியைச் சக்கரத்துக்கு மேலே காற்றுப் பைதான் தாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பை போய்விட்டது. முதலாளியோடு சேர்ந்து மெல்ல, மரியாதையாக, நூறு பேர் முன்னிலையில் தரையில் உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் முன்பக்கக் கதவு வழியாகத்தான் அவரை வெளியே எடுத்தோம். முதலாளி ஒல்லியான ஆள் இல்லை. இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவில் தலை வந்தது, தோள் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சகலையின் கடையில் டைல்ஸ் தூக்குகிற இரண்டு பேர் வந்து, உடையாமல் எடுக்கிற பழக்கத்தில், ஆளுக்கொரு கையைப் பிடித்து நிதானமாக இழுத்தார்கள். ஊரே போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது. மாப்பிள்ளையும் எடுத்தார், ஆராய்ச்சிக்காக என்று பிறகு சொன்னார்.

சகலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சகலை, எங்கயாவது கசியுதா? என் வண்டியில வேணா வீட்டுல விடச் சொல்லவா?"

முதலாளியின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் போயிருந்தன. சுற்றிப் பார்த்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தில், வேப்பமரத்து நிழலில் வெள்ளை வண்டி நின்றது. நேராக அதை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தார், திறந்தது. உள்ளே உட்கார்ந்து சாத்தினார், சாத்திக்கொண்டது. நான் ஓடிப்போய், உள்ளே இருந்த மேனேஜரை இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பாதி வழியில் அவர் சீட்டைத் தடவிக்கொடுத்தார்.

"இதுதான் பைலட்டு வண்டி. பத்து வருஷம், ஒரு நாள் என்னை நடுத்தெருவுல நிறுத்தியிருக்குமா? சாகிற வரைக்கும் இதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே வண்டிக்காகத்தான் அழுதோம்.

பச்சை வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பளத்துக்கு அடியில் கைப்பிடி கைப்பிடியாகச் சேறு என்றார். ஒயர் எல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கிறது, சரிசெய்கிற காசுக்கு இன்னொரு வண்டி வாங்கலாம் என்றார். புரோக்கரின் மைதானத்துக்குப் போனோம். மைதானம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கடைக்கு உள்ளே கூப்பிட்டார். குழாய்கள் வரிசையாகத் தொங்குகிற சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், இல்லை.

"அன்னைக்கே எனக்கு லேசா ஈர வாசனை வந்துச்சு பைலட்டு. சென்ட்டை மீறி வந்துச்சு. முப்பது வருஷ மூக்கு, தப்பாது. சரி, நீ உள்ளே உக்காந்து பெல்ட்டுலேர்ந்து எல்லாத்தையும் பாத்தியே. ஏதாவது இருந்தா நீ சொல்லாம இருப்பியா? அதனாலதான் என் மூக்கை நான் நம்பலை."

நான் தரையைப் பார்த்தேன். சகலை கடை டைல்ஸ்.

"போகட்டும். உனக்கு ஒரு வண்டி தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வெள்ளையைத் தர மனசு வரலை. அதுக்காக வாக்குத் தவற முடியுமா? அதைவிடப் பெரிய வண்டியாத் தர்றேன்." மேஜைக்கு மேல் பச்சை வண்டியின் சாவியை வைத்தார். "பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சு. நீ பாத்துப் பிடிச்ச வண்டி. அதோட நல்லது கெட்டது உனக்குத்தானே தெரியும்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முழுகின வண்டி எனக்கு எதற்கு என்று கேட்கலாம். எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டால்? சாவியை எடுத்துக்கொண்டு கும்பிட்டேன். அவர் குத்திக்காட்டினாரா, வெள்ளை மனசோடு சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

இழுவை வண்டியில் ஏற்றி, அதற்கு என் கைக்காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருவில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்க வேண்டும். வண்டி என் வீட்டு வாசலையும் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து அடைத்துக்கொண்டு படுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்றிலிருந்து ஜன்னல் வழியாகத்தான் போய் வருகிறார், போகும்போதும் வரும்போதும் என் பரம்பரையை விசாரிக்கிறார்.

என் மனைவிக்கு மட்டும் முதலில் சந்தோஷம். இவ்வளவு பெரிய வண்டியை அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள். ஓடாவிட்டால் என்ன, சுத்தமாகவாவது இருக்கட்டும் என்றாள். கண்ணாடியைத் துடைத்தாள், சீட்டைத் துடைத்தாள். பிறகு, நான் சொல்லிக்கொடுத்த பழக்கம், பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள்.

நின்றாள். சேறு ஒட்டிய அந்தக் கடைசி முழத்தைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் பெல்ட்டை இழுத்துப் பாரு, பெல்ட்டை இழுத்துப் பாருன்னு சொல்வீங்களே. இதை நீங்க இழுத்துப் பாக்கலையா?"

அவள் என்னையே பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவளிடம் நான் எதையும் மறைக்க முடிந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. பெல்ட்டை விட்டாள், வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், கதவை அறைந்து சாத்தினாள்.

'தொப்'பென்று கேட்டது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது.